இளம் ஹாக்கி வீரரின் பெற்றோர் நன்றியுணர்வைப் பழகிக்கொள்வது எப்படி?

கனடாவிலும் அமெரிக்காவிலும் சிறுவர் ஐஸ் ஹாக்கிப் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. விடியும் முன்பே பயிற்சி, வார இறுதியில் வேறோர் ஊரில் ஆட்டம், எத்தனை முறை விரித்துப் போட்டாலும் ஈரம் போகாத கையுறைகள், அடிக்கடி தீட்டவேண்டிய ஸ்கேட்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரும் கட்டணங்கள் என்று குளிர்காலம் முழுவதையும் இந்த விளையாட்டே எடுத்துக்கொள்கிறது. குறை சொல்வதற்கான காரணங்களை யாரும் தேடிப் போகவேண்டியதில்லை. அவை அரங்கின் வாசலிலேயே காத்திருக்கும். நன்றி பாராட்டுவதற்கான காரணங்கள் கவனித்தால்தான் கண்ணில் படும்; கவனித்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் மனத்தில் தங்கும்.

அணி வென்ற மாலையில் எழும் பூரிப்பைப் பலரும் நன்றியுணர்வு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது அடுத்த தோல்வியோடு கரைந்துவிடுகிறது. தோற்ற வாரத்திலும் கைகொடுக்கவேண்டுமானால், யார் என்ன செய்தார்கள், பிள்ளை இன்று எதைப் புதிதாகச் செய்தது என்று ஆளையும் செயலையும் குறித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பெற்றோரின் உழைப்புக்குரிய ரசீதைப் பிள்ளையிடம் நீட்டக் கூடாது. "உனக்காக எவ்வளவு செய்கிறோம் தெரியுமா?" என்ற கேள்வியை எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் பிள்ளையின் காதில் அது கடன் வசூலாகவே விழும்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள்

நன்றியுணர்வைப் பற்றிய பேச்சைப் பணத்திலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஹாக்கிக் குடும்பங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிள்ளையின் விளையாட்டுக்காகப் பெற்றோர் தம் வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கைச் செலவிட்டார்களோ, அந்த அளவுக்குப் பிள்ளைகள் அதிக அழுத்தத்தை உணர்ந்ததும், விளையாட்டில் அவர்கள் கண்ட மகிழ்ச்சி குறைந்ததும் தெரியவந்தன. காரணம் புரியாததல்ல. வீட்டுச் செலவைச் சுருக்கிக் கட்டணம் கட்டிய பெற்றோர் பார்வையாளர் இருக்கையில் அமரும்போது, முதலீட்டின் பலனைக் காண வந்தவர்களாகவே அமர்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தவறான பாஸ்கூட நட்டமாகத் தெரிகிறது.

ஆகவே பருவம் தொடங்கும் முன்பே, மனம் வலிக்காமல் கொடுக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அந்தத் தொகைக்கு மேல் போகும் அணி எவ்வளவு பெருமைக்குரியதாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லத் துணிவு வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஸ்கேட்டும் தோள்காப்பும் புதிதாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பல சங்கங்கள் பயன்படுத்திய உபகரணங்களைக் கைமாற்றும் நாள்களை நடத்துகின்றன. கனடாவில் கிட்ஸ்போர்ட், 2005இல் தொடங்கிய ஜம்ப்ஸ்டார்ட் போன்ற அறநிறுவனங்கள் வசதி குறைந்த குடும்பங்களின் பதிவுக் கட்டணத்துக்கு உதவுகின்றன. முடிவெடுத்துப் பணத்தைக் கட்டிய பிறகு, அந்தத் தொகை பருவம் முடியும்வரை பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கை விட்டுப் பிள்ளையைப் பாருங்கள்

ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்குக் கோல்கீப்பர் உட்பட ஆறு பேரே களத்தில் இருப்பார்கள். மற்றவர்கள் பெஞ்சில் காத்திருந்து, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை போல மாறிமாறி இறங்குவார்கள். இதைத்தான் ஷிஃப்ட் என்கிறார்கள். மூன்று வரிசை முன்கள வீரர்கள் உள்ள அணியில் ஒரு பிள்ளை ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு நேரமே களத்தில் இருக்கும். அந்த நேரத்திலும் மட்டையால் அடித்து விளையாடும் ரப்பர் வட்டான பக், பிள்ளையின் மட்டையில் படுவது சில நொடிகள்தான். கோலையும், கோலுக்கு வழிசெய்யும் பாஸான அசிஸ்டையும் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோருக்குப் பெரும்பாலான ஆட்டங்களில் எதுவும் தேறாது. அவர்கள் ஏமாற்றத்தோடு வீடு திரும்புவதற்குப் பிள்ளையின் ஆட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பார்க்கும் முறையே அப்படி.

ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு ஷிஃப்ட்டையாவது பக்கைக் கவனிக்காமல் பிள்ளையை மட்டும் தொடர்ந்து பாருங்கள். எதிரணி பக்கைப் பறித்ததும் பிள்ளை திரும்பித் தன் பக்கத்துக்கு விரைகிறதா, மூச்சு வாங்கும்போது நேரத்தோடு பெஞ்சுக்கு வந்து அடுத்தவருக்கு இடம் விடுகிறதா, பாஸ் வருமென்ற நம்பிக்கையில் மட்டையைப் பனியில் பதித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்த சிறுபிள்ளை எழுவதைக் கவனிப்பதும் நல்லது. முதலில் ஒரு முழங்கால் ஊன்றும். பிறகு ஒரு ஸ்கேட்டின் விளிம்பு பனியைப் பிடிக்கும். கையுறைக்குள் இருக்கும் கை மட்டையை விடாமலே உடம்பை மேலே தள்ளும். தொடக்கத்தில் சுவரைப் பற்றிக்கொண்டு எழுந்த பிள்ளை பருவத்தின் நடுவில் களத்தின் மையத்தில் தனியாக எழுந்து ஓடியதை எந்தப் புள்ளிப் பட்டியலும் பதிவுசெய்வதில்லை. அதைப் பார்த்து வைப்பதற்கு உங்களை விட்டால் ஆளில்லை.

ஆட்டத்துக்கு முந்தைய பத்து நிமிடங்களும் அப்படிப்பட்டவைதான். சிறிய பிள்ளைகளுக்கு ஸ்கேட் கட்டிவிடுவது பெற்றோர் வேலை. குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளச் சொல்லி, நாக்குப்பட்டையை நேராக இழுத்து, விரல்பகுதியில் கயிற்றைத் தளர விட்டு, கணுக்காலருகே இறுக்கும்போது பிள்ளையின் கால் உங்கள் தொடைமீது அழுந்தி நிற்கும். "இன்னும் கொஞ்சம்" என்று பிள்ளை சொல்லும். கயிறு உங்கள் விரலில் சிவப்புக் கோடு போடும். இது தொல்லை என்று தோன்றும் காலம் உண்டு. சில ஆண்டுகளில் பிள்ளையே கட்டிக்கொள்ளும். வளர்ந்த பிள்ளைகளின் உடைமாற்றும் அறைக்குள் பெற்றோர் போவதே குறைந்துவிடும். குனிந்து கயிறு கட்டும் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவதைத் தவிர வேறெந்தப் பயிற்சியும் தேவையில்லை.

வாரத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள்

நன்றிக்குரியவற்றை எழுதிவைப்பது பற்றி ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ ஆகிய இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. அதன் ஒரு பகுதியில் ஒரு குழுவினர் வாரத்துக்கு ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்களையும், இன்னொரு குழுவினர் எரிச்சலூட்டிய ஐந்து விஷயங்களையும் பத்து வாரங்கள் எழுதினார்கள். முதற்குழுவினர் தம் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதலான மனநிறைவைத் தெரிவித்தார்கள். பிற்கால மதிப்பாய்வுகள் இத்தகைய பயிற்சிகளின் பலன் மிதமானதே என்கின்றன; எழுதினால் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். ஆனாலும் ஹாக்கிப் பெற்றோருக்கு இது பொருத்தமான பயிற்சி என்பது என் எண்ணம். காரணம், ஒரு பருவத்தின் ஆட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மறந்துபோகின்றன. மனத்தில் எஞ்சுவது ஏதோ ஒரு சண்டையும் ஏதோ ஒரு மோசமான தோல்வியும்தான்.

வாரத்தின் கடைசி ஆட்டம் முடிந்த இரவில் மூன்று நான்கு வரிகள் போதும். "ஹாக்கி கிடைத்ததற்கு நன்றி" என்பது போன்ற பொது வாக்கியங்களைத் தவிர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வேறொரு பிள்ளையின் தந்தை உங்கள் பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டது, அதிகம் பேசாத ஒரு சிறுமி உங்கள் மகளுக்கு மட்டையில் சுற்றும் தன் டேப்பைக் கொடுத்தது, மூன்று கோல் பின்தங்கிய நிலையிலும் பயிற்சியாளர் எல்லாப் பிள்ளைகளையும் முறைப்படி களத்தில் இறக்கியது ஆகியவை எழுதத் தக்கவை. தோற்ற வாரங்களில் எழுதாமல் விடுவதுதான் வழக்கமான சறுக்கல். அந்த வாரங்களில் இரண்டு வரியாவது எழுதிவிடுங்கள். எழுதியதைப் பிள்ளையிடம் காட்டவேண்டும் என்பதில்லை.

ஆள்களைக் குறித்து நன்றி சொல்லுங்கள்

சிறுவர் ஹாக்கியைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அலுவலகம் முடிந்து நேராக அரங்குக்கு வரும் பயிற்சியாளர், இரவில் மின்னஞ்சலில் அட்டவணையைத் திருத்தி அனுப்பும் அணி மேலாளர், குளிரில் உட்கார்ந்து கடிகாரத்தை இயக்குபவர், விதிமீறியவர் தண்டனையாக உட்காரும் பெனால்ட்டி பாக்ஸின் கதவைத் திறந்து மூடுபவர் என்று ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. பருவ இறுதியில் எல்லாரும் சேர்ந்து ஒரு பரிசைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், பருவத்தின் நடுவிலேயே ஒருவரிடம் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "செவ்வாய்க்கிழமை பின்னோக்கி ஸ்கேட் செய்வதை அவனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தீர்களாம், வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தான்" என்ற ஒரு வாக்கியம் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனையோ நாள் தெம்பு தரும். ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழியும்வரை பயிற்சியாளரிடம் முறையீடு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்ற விதி பல அணிகளில் உண்டு. பாராட்டுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது.

நடுவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிறு வயதுப் பிரிவுகளில் கோடு போட்ட சட்டையில் நிற்பவர் பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பதின்வயதினர். நாலைந்து ஆண்டுகளுக்கு முன் அவரும் அதே களத்தில் விழுந்து எழுந்த பிள்ளைதான். பெரியவர்கள் கத்துவதைத் தாங்க முடியாமல் இந்த வேலையை விட்டுவிடுபவர்கள் பலர். நடுவர் இல்லையென்றால் ஆட்டமே இல்லை என்பதை நினைவில் வைத்து, நடைவழியில் கடந்து போகும்போது ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு நகருங்கள். அவர் கொடுத்த முடிவைப் பற்றி விளக்கம் கேட்கும் இடம் அதுவல்ல. உங்கள் அருகில் இருப்பவர் குரலை உயர்த்தினால் அவரோடு சேர்ந்துகொள்ளாமல் இருப்பதும் ஒருவகை நன்றியே.

பனியைச் சமப்படுத்தும் ஜம்போனி இயந்திரம் களத்தில் இறங்கும்போது சிறு பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டி ஓட்டுநருக்குக் கையசைப்பார்கள். கலிபோர்னியாவின் பாராமவுண்ட் நகரில் ஃபிராங்க் ஜம்போனி 1949இல் இதை உருவாக்குவதற்கு முன், பல ஆள்கள் சேர்ந்து சுரண்டி, கழுவி, நீர் பாய்ச்சி, உறைவதற்குக் காத்திருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்று ஒருவர் சில நிமிடங்களில் முடித்துவிடுவதால்தான் ஒரே நாளில் இத்தனை அணிகளுக்கு ஐஸ் நேரம் கிடைக்கிறது. அதிகாலை நேரத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று சலித்துக்கொள்ளும் முன், அந்த நேரத்துக்குப் பனியைத் தயார்செய்ய உங்களுக்கு முன்பே ஒருவர் எழுந்து வந்திருக்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கையசைப்பதில் பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

கண்ணில் படாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கேரலின் எமரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு உடலால் மோதித் தடுக்கும் பாடி செக்கிங்கை அப்போது அனுமதித்த ஆல்பர்ட்டாவையும் அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்டது. ஆல்பர்ட்டாவில் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அந்த வயதுப் பிரிவில் அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2011இலும் கனடா ஹாக்கி அமைப்பு 2013இலும் இதற்குத் தடை விதித்தன. ஆட்டத்தின் வீரமே போய்விடும் என்று அன்று எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் குறைவில்லை. இன்று உங்கள் பிள்ளை தலையில் அடிபடாமல் ஓர் ஆட்டத்தை முடித்து வருகிறதென்றால், அந்த எதிர்ப்பைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் அதில் பங்குண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நன்றியோடு இருப்பதும் வாய்மூடி இருப்பதும் ஒன்றாகாது. பயிற்சியாளர் பிள்ளைகளை அவமானப்படுத்தினாலோ, தலையில் அடிபட்ட பிள்ளையை மறுபடி களத்தில் இறக்க முயன்றாலோ, "இலவசமாக நேரம் கொடுக்கிறாரே" என்று தயங்காமல் உடனே தலையிடவேண்டும். 24 மணி நேர விதி அதற்குப் பொருந்தாது.

வீடு திரும்பும் வழியில்

நன்றியுணர்வு உண்மையில் சோதிக்கப்படுவது காருக்குள்தான். புரூஸ் பிரவுன், ராப் மில்லர் என்ற இரு பயிற்சியாளர்கள் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் பல ஆண்டுகள் பேசியதில், பெற்றோர் சொன்னவற்றுள் அவர்களுக்கு அதிக மகிழ்ச்சி தந்தது "நீ விளையாடுவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்" என்ற பொருள்பட்ட ஒற்றை வாக்கியம் என்பதும், அவர்கள் வெறுத்தது ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது நடக்கும் அலசல் என்பதும் தெரியவந்தன. அந்த வாக்கியத்தோடு "ஆனால்" என்று தொடங்கும் இன்னொன்றை ஒட்டாமல் விடுவதுதான் கடினம். வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பேச்சைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். பிள்ளை ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம், பள்ளியைப் பற்றிப் பேசலாம், தூங்கியும் விடலாம்.

விளையாட்டில் பிள்ளைகள் எதை ரசிக்கிறார்கள் என்பதை ஆய்வாளர் அமண்டா விசெக்கும் குழுவினரும் பிள்ளைகளிடமே கேட்டு 81 காரணிகளாகத் தொகுத்தார்கள். முழு முயற்சியோடு ஆடுவது, அணியினரோடு உள்ள நல்லுறவு, பயிற்சியாளரின் கனிவான அணுகுமுறை ஆகியவை மேலே வந்தன. வெற்றி வெகுவாகக் கீழே நின்றது. வெற்றியே பிள்ளைக்கு எல்லாமென்று நினைத்துக்கொண்டு தோல்விக்காக வழியெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டு வருகிறோம். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையோ உடைமாற்றும் அறையில் நடந்த வேடிக்கையை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பைக் குலைக்காமல் இருந்தாலே போதுமானது.

நன்றி எழ மறுக்கும் நாள்கள்

அணித் தேர்வில் பிள்ளையின் பெயர் விடுபட்டுப்போகும் நாள் பல குடும்பங்களில் வருகிறது. அன்றைக்கு நன்றியுணர்வை வலிந்து வரவழைக்கவேண்டாம். "எல்லாம் நன்மைக்கே" என்று உடனே சொல்வது பிள்ளையின் வருத்தத்தைத் தள்ளிவைப்பதாகவே முடியும். மார்ட்டின் செயின்ட் லூயி, வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீகான என்.எச்.எல். ஆண்டுதோறும் இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாமலே பெரிய ஆட்டக்காரராகி, 2018இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றவர். அவர் கதையை அன்றே எடுத்துச் சொல்லவும் வேண்டாம்; அது பிள்ளைமீது இன்னொரு எதிர்பார்ப்பைத்தான் ஏற்றும். இரண்டு மூன்று நாள்கள் போகட்டும். அதன் பிறகு, அந்த அணியில் கிடைத்த நண்பர்களையும் பழகிய திறன்களையும் பற்றிப் பேச்சு தானாகவே வரும்.

ஒப்பீட்டைக் குறைத்துக்கொள்வதற்கு உதவும் இரண்டு உண்மைகள் உண்டு. சிறுவர் ஹாக்கியில் வயதுப் பிரிவு டிசம்பர் 31ஆம் தேதியை எல்லையாக வைத்துக் கணக்கிடப்படுவதால், ஜனவரியில் பிறந்த பிள்ளை நவம்பரில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஓராண்டு மூத்ததாக இருந்தும் இரண்டும் ஒரே பிரிவில் ஆடுகின்றன. கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980களில், உயர்நிலை அணிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் திறமையென்று நாம் ஏங்குவதில் ஒரு பகுதி பிறந்த மாதத்தின் கொடையாக இருக்கக்கூடும். மற்றது, என்.எச்.எல். டிராஃப்ட்டில் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் உலகம் முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு 224 பேரை மட்டுமே எடுக்கின்றன. தொழில்முறை ஆட்டத்தை இலக்காக வைத்தால் ஏறக்குறைய எல்லாப் பெற்றோருக்கும் ஏமாற்றமே மிஞ்சும். இந்த வார ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கும்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால், குளிரான அரங்குகளில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் அந்தப் பிள்ளைக்கும் நன்றி சொல்லுங்கள். விளையாடும் பிள்ளையின் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

பிள்ளைக்கு நன்றியுணர்வைக் கற்றுத்தர உரை எதுவும் தேவைப்படாது. ஆட்டம் முடிந்ததும் தம் கோல்கீப்பரைச் சுற்றி நின்று கால்காப்பைத் தட்டுவது, எதிரணியோடு வரிசையில் நின்று கைகொடுப்பது என்று இந்த விளையாட்டுக்குள்ளேயே நன்றிக்குரிய சடங்குகள் இருக்கின்றன. தன் பையைத் தானே சுமப்பது, அறையை விட்டு வரும் முன் கீழே கிடக்கும் டேப் துண்டுகளைப் பொறுக்குவது, பயிற்சியாளருக்குத் தன் கையால் ஒரு வரி எழுதிக் கொடுப்பது ஆகிய மூன்றும் பழகிவிட்டால் மற்றவை பின்னால் வரும். நீங்கள் நடுவரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பருவம் முடிந்ததும் சிறுத்துப்போன உபகரணங்களைச் சங்கத்துக்கோ இளைய பிள்ளை உள்ள குடும்பத்துக்கோ கொடுத்துவிடுங்கள்; ஹெல்மெட்டைக் கொடுக்கும் முன் விரிசல் இல்லையா என்றும், அதன் சான்று முத்திரையில் காலாவதித் தேதி இருந்தால் அது கடந்துவிடவில்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் ஆண்டு ஏதாவது ஒரு பொறுப்பை, கடிகாரத்தை இயக்குவதையாவது, ஏற்றுக்கொள்வதாக இப்போதே சங்கத்திடம் சொல்லி வைக்கலாம். பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு நடத்தப்படுவதும் அதற்குச் சில வாரங்கள் பிடிப்பதும் வழக்கம் என்பதால், விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.